தண்ணீரும் சேறும் ஏடிவிக்குள் நுழையும் வழிகள்
வாகனக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தென்னந்தோப்புக்கும் ஊருக்கும் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது. உரமூட்டையும் மாட்டுத் தீவனமும் கொண்டுபோவதற்காகப் பழைய ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓடும் நான்கு சக்கர வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஐப்பசி பிறந்துவிட்டால் பாதை முழுவதும் கரிசல் சேறு, ஓடையில் முழங்காலளவு தண்ணீர். பெரிய டயர் மாட்டி, இன்ஜின் காற்றை மேலிருந்து இழுக்கும் ஸ்னார்க்கல் குழாய் போட்டால் போதும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?
வாசகர், பேரையூர்

பதில்: நண்பர்கள் சொன்ன இரண்டும் தேவைப்படலாம், ஆனால் அவை கடைசியில் வர வேண்டியவை. முதலில் வண்டியின் கையேட்டைத் தேடி எடுத்து, எவ்வளவு ஆழம் வரை இறங்கலாம் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலான ஏடிவிகளுக்குக் கால் வைக்கும் தட்டின் மட்டம்தான் எல்லை. பழைய வண்டியோடு கையேடு வரவில்லை என்றால் அந்தத் தட்டையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் முழங்காலளவுத் தண்ணீர் அநேகமாக அந்த எல்லையைத் தாண்டிய கணக்கு என்பதால், வண்டியைத் தயார் செய்த பிறகும், மழை வெறித்து ஓடை வடியும் வரை காத்திருக்க வேண்டிய நாட்கள் உங்களுக்கு இருக்கும்.

தண்ணீர் வண்டிக்குள் எப்படிப் போகிறது என்பது புரிந்துவிட்டால், எங்கே கை வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், கியர் பெட்டி ஆகிய மூடிய பெட்டிகள் ஓட்டத்தில் சூடாகின்றன. உள்ளே உள்ள காற்று விரிந்து, அதற்கென்று விட்டிருக்கும் மெல்லிய மூச்சுக்குழாய் வழியே வெளியேறுகிறது. அதே சூட்டோடு வண்டி ஓடைக்குள் இறங்கும்போது பெட்டி சட்டென்று குளிர்ந்து, உள்காற்று சுருங்குகிறது. சூடான சொம்பைத் தண்ணீரில் கவிழ்த்து வைத்தால் நீர் உள்ளே ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல, மூச்சுக்குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் பெட்டி தண்ணீரைத்தான் உறிஞ்சும். குழாய் சேற்றால் அடைத்துக்கொண்டிருந்தாலோ, ஆயில் சீலின் உதடு வழியாக இழுத்துக்கொள்ளும். ஏனென்றால் அந்த சீல் உள்ளே இருக்கும் ஆயிலை வெளியே விடாமல் தடுப்பதற்குச் செய்யப்பட்டதே தவிர, வெளித்தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதற்கு அல்ல.

ஆகவே முதல் வேலை, வண்டியின் ஒவ்வொரு மூச்சுக்குழாயும் எங்கே முடிகிறது என்று தேடிப் பிடிப்பது. முன் டிஃபரன்ஷியல், பின் கியர் பெட்டி, நடுக் கியர் பெட்டி, பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர் உள்ள வண்டி என்றால் அதன் காற்றுக் குழாய்கள் என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். பல வண்டிகளில் இவற்றில் ஒன்றிரண்டு சேஸிஸ் மட்டத்திலேயே முடிந்துவிடும். அவற்றோடு அதே உள்விட்டமுள்ள பெட்ரோல் குழாயை இணைத்து, ஹேண்டில்பாருக்குக் கீழே, ஹெட்லைட் கூண்டின் பின்புறம் வரை உயர்த்துங்கள். குழாயின் நுனியைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால் மழைத்தண்ணீரும் தூசியும் இறங்காது. குழாய் எங்கும் மடங்கி நசுங்கியிருக்கக் கூடாது. மாட்டி முடித்த பிறகு டேங்க், கார்புரேட்டர் குழாய்களைத் தவிர மற்றவற்றை வாயால் ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். கார்புரேட்டரின் காற்றுக் குழாய் தண்ணீருக்குள் போனால் இன்ஜின் திணறி நின்றுவிடும் என்பதால் அதை மறந்துவிடாதீர்கள். இந்த வேலை முழுவதற்கும் ஆகும் செலவு ஒரு டயரின் விலையில் சிறு பங்குகூட வராது. ஆனாலும் இதைச் செய்யாமல் டயரை மட்டும் மாற்றிவிட்டு வரும் வண்டிகள்தான் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. டயர் ஊருக்குத் தெரியும், குழாய் யார் கண்ணுக்கும் தெரியாது.

இரண்டாவது வேலை இன்ஜினுக்குப் போகும் காற்று. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடிக்கு அடியில் உள்ள ரப்பர் பட்டையைத் துடைத்து, மெல்லியதாக கிரீஸ் தடவி, கிளிப்புகள் நான்கும் இறுக்கமாகக் கவ்வுகின்றனவா என்று பாருங்கள். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு சிறு குழாய் இருக்கும். அதன் அடைப்பான் இல்லாமல் பழைய வண்டிகள் கைமாறுவது சாதாரணம். ஸ்பாஞ்ச் ஃபில்டராக இருந்தால் கழுவிக் காயவைத்து, அதற்குரிய ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஸ்னார்க்கல் போடலாம். இங்குள்ள பட்டறைகளில் சாதாரண பிவிசி பைப்பிலேயே செய்து கொடுக்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் பைப்பின் உள்விட்டம் வண்டியின் அசல் காற்று வாயைவிடக் குறையக் கூடாது. வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. காற்று சரியாக வராவிட்டால் இன்ஜின் பெட்ரோலை அதிகமாகக் குடித்துப் புகையும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை மாற்ற வேண்டிவரலாம். இன்ஜினின் விசையைப் பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குக் கடத்தும் வண்டிக்கு ஒரு ஸ்னார்க்கல் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். பெல்ட் பெட்டிக்குக் குளிர்காற்று உள்ளே போகும் வழி ஒன்று, சூடான காற்று வெளியேறும் வழி ஒன்று என்று இரண்டு உண்டு. அவற்றையும் சேர்த்து மூன்றும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும். இன்ஜின் குழாயை மட்டும் உயர்த்திவிட்டுத் தண்ணீரில் இறங்கினால், இன்ஜின் நிற்காமல் ஓடும், வண்டி நகராமல் நிற்கும்.

போட்ட ஸ்னார்க்கலின் இணைப்புகளில் காற்றுப் புகாமல் இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை நியூட்ரலில் வைத்து ஐடிலில் ஓடவிட்டு, குழாயின் வாயை உள்ளங்கையால் அடையுங்கள். ஓரிரு நொடியில் கை உள்ளிழுக்கப்பட்டு, இன்ஜின் இருமி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ ஓர் இணைப்பு காற்றை இழுக்கிறது என்று பொருள். காற்றை இழுக்கும் ஓட்டை தண்ணீரையும் இழுக்கும். அதைக் கண்டுபிடித்து அடைக்கும் வரை ஓடைப் பக்கம் போகாதீர்கள்.

மின்சார இணைப்புகளில் பலரும் கண்ட இடமெல்லாம் சிலிக்கான் பசையை அப்பிவிடுகிறார்கள். காடி நெடி அடிக்கும் பசை செம்புக் கம்பியை அரிக்கும். அடுத்த முறை பழுது பார்ப்பவர் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் கனெக்டரே உடைந்துவிடும். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றி, மின் இணைப்புகளுக்கென்று விற்கும் கிரீஸைச் சிறிதளவு வைத்து, கிளிக் என்று சத்தம் கேட்கும்படி மாட்டினால் போதும். ஸ்பார்க் பிளக் தொப்பியின் உட்புறமும், ரேடியேட்டர் ஃபேனின் இணைப்பும் இதில் முக்கியம்.

இனி உங்கள் கரிசலுக்கு வருவோம். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் உங்கள் கரிசலும் நனைந்தால் ஒன்றல்ல. கரிசல் களி தண்ணீரைக் குடித்து உப்பக்கூடியது. டயரின் பற்களுக்கு நடுவே அப்பிக்கொண்டு, பத்து முழம் போவதற்குள் டயரை வழுவழுப்பான உருளையாக்கிவிடும். அதனால் பற்கள் உயரமாகவும் இடைவெளி அகலமாகவும் உள்ள சேற்று டயர்தான் இங்கே பயன்படும். சுற்றும் வேகத்தில் மண்ணை உதறித் தள்ளும் தன்மை அதற்கு உண்டு. அசல் அளவைவிடப் பெரிய டயரைப் போட்டால் பெல்ட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் சுமை கூடும் என்பதால் அசல் அளவிலேயே சேற்றுப் பற்கள் உள்ளதைத் தேடுங்கள். சேற்றில் இறங்கும் முன்பே கியரை லோவில் போட்டு, நான்கு சக்கர இயக்கத்தையும் போட்டுவிடுங்கள். புதைந்த பிறகு போடுவது பெல்ட்டைக் கருக்கும் வேலை. உரமூட்டையைப் பின் கேரியரில் அதில் எழுதியிருக்கும் எடைக்கு மேல் ஏற்றாதீர்கள், இன்னொருவரை ஏற்றவும் கூடாது. ஒருவர் ஓட்டுவதற்கென்று செய்த வண்டி கரையேறும்போது பின்புறமாக மல்லாந்துவிடும்.

கரிசல் சேறு ரேடியேட்டரையும் விடாது. முன்சக்கரம் வாரி இறைக்கும் மண் அதன் மெல்லிய தகடுகளுக்குள் போய்க் காய்ந்து, செங்கல்போல் இறுகிவிடும். அதன் பிறகு சூட்டு விளக்கு எரிவதற்கு அதிக நேரம் ஆகாது. தொடர்ந்து சேற்றிலேயே ஓட்டுபவர்கள் ரேடியேட்டரை முன் கேரியரின் மேலே மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். தோப்புக்குப் போய்வர அது தேவையில்லை. ஒவ்வொரு நாளும் மண் காய்வதற்கு முன் பின்பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. ஓடையில் வண்டியை இறக்கும் முன் ஒரு கம்போடு நீங்கள் இறங்கி நடந்து பாருங்கள். நம் பக்கத்தில் மண் அள்ளிய பள்ளங்களும், கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணறுகளும் வெள்ளத்தில் ஒரே தண்ணீராகத்தான் தெரியும். தண்ணீர் இழுப்பாக ஓடினால் முழங்காலளவுகூட வேண்டாம். ஏடிவியின் டயர்கள் காற்றடைத்த பெரிய பந்துகள் என்பதால் வண்டி மிதந்து, தரைப்பிடிப்பு விட்டு, பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படும்.

கேள்வி: பெரியாறு பாசன வாய்க்காலின் குறுக்கே வண்டியைக் கடத்திக் கரையேறினேன். இன்ஜின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது. கிளட்ச் போய்விட்டதா?
வாசகர், வாடிப்பட்டி

பதில்: போயிருக்காது, பெல்ட் நனைந்திருக்கும். உலர்ந்த உருளைகளைக் கவ்விப் பிடித்து ஓடும் பெல்ட் அது, ஈரமானால் வழுக்கும். ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரே இடத்தில் தேய்ந்து பள்ளம் விழுந்து, பிறகு காய்ந்தாலும் உதறிக்கொண்டே ஓடும். பெல்ட் பெட்டியின் அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றித் தண்ணீரை முழுவதும் வடியவிட்டு, மீண்டும் மாட்டுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, இன்ஜினை நடுத்தர வேகத்தில் சில முறை ஏற்றி இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றோட்டமே ஈரத்தை ஓட்டிவிடும். லோ கியரில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். வழுக்கினால் மறுபடியும் அதே வேலை. வாய்க்காலைக் கடந்ததும் பிரேக்கையும் லேசாக அழுத்திக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி உலர்த்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கண்மாய் ஓரமாகப் போகும்போது வண்டி குழியில் இறங்கி, தண்ணீருக்குள் இன்ஜின் நின்றுவிட்டது. தம்பி பதற்றத்தில் ஸ்டார்ட்டரை விடாமல் அழுத்தினான். ஒரு கட்டத்தில் டக் என்று சத்தம் வந்து, இப்போது ஸ்டார்ட்டர் அசைய மறுக்கிறது. பேட்டரியை மாற்றினால் சரியாகுமா?
வாசகர், மேலூர்

பதில்: பேட்டரியைத் தொடாதீர்கள்; ஸ்டார்ட்டரையும் இனிமேல் ஒரு முறைகூட அழுத்தாதீர்கள். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிரம்பிய நிலையில் பிஸ்டன் மேலே வந்தால், அதற்கு இடம் இல்லாமல், அதைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம். நீங்கள் கேட்ட சத்தம் பிஸ்டன் தண்ணீரில் முட்டிய சத்தமாக இருக்கலாம். வளைந்துவிட்டதா, வெறுமனே தடைபட்டு நிற்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் தாமதம் ஆகக் கூடாது, ஏனென்றால் ஈரமான சிலிண்டர் சுவரில் ஓர் இரவுக்குள் துரு பிடித்துவிடும்.

வண்டியைத் தள்ளியோ கட்டி இழுத்தோ மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியையும் சைலன்சரையும் வடியவிடுங்கள். நின்றுபோன இன்ஜினுக்குள் சைலன்சர் வழியாகவும் தண்ணீர் ஏறியிருக்கும். அதன் பிறகு இன்ஜின் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. பிளக் இல்லாத நிலையில் இன்ஜினைக் கையால் சுற்ற வழியிருந்தால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். பிளக் துளைக்கு நேரே முகத்தை வைத்துக் குனியாதீர்கள். தண்ணீரும் பெட்ரோலும் பீச்சியடிக்கும். தடையில்லாமல் சுற்றினால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சில நிமிடங்கள் மட்டும் ஓடவிட்டு, நிறம் தெளியும் வரை மறுபடி மாற்ற வேண்டும். ஏதோ ஓர் இடத்தில் இறுகினாலோ உரசல் கேட்டாலோ நீங்களாக மேலே எதுவும் செய்யாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். தம்பியைத் திட்ட வேண்டாம். தண்ணீரில் வண்டி நின்றால் யாருடைய கையும் முதலில் ஸ்டார்ட்டருக்குத்தான் போகும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய் முழுவதும் சீமைக் கருவேல முள். வண்டி வாங்கிய நாளிலிருந்து பஞ்சர் ஒட்டியே அலுத்துவிட்டேன். காற்றைக் கூட்டி வைத்தால் முள் ஏறாது என்கிறார்களே?
வாசகர், திருமங்கலம்

பதில்: காற்றைக் கூட்டினால் முள் ஏறாது என்பது தவறு; சேற்றில் டயர் அமுங்கிப் பரவாமல் நேரே உளைக்குள் இறங்கிவிடும் என்பதுதான் நடக்கும். ஏடிவி டயருக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐ காற்றுதான். சரியான அளவு உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். கார்களுக்கு 30க்கு மேல் அடித்துப் பழகிய பஞ்சர் கடை மீட்டரில் 5 என்பது மீட்டரின் முள்ளே அசையாத இடம். ஆகவே குறைந்த அழுத்தத்தை அளக்கும் சிறிய மீட்டரை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டயரை அடுத்த முறை மாற்றும்போது பக்கச்சுவர் தடித்த 6 பிளை (ஆறு அடுக்கு வலுவுள்ள) டயராகக் கேளுங்கள்; கருவேல முள் அதிகம் குத்துவது பக்கச்சுவரில்தான், அங்கே போட்ட ஒட்டும் நிற்பதில்லை. டயருக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் சிறிய முள் துளைகளைத் தானாக அடைக்கும். டியூப்லெஸ் டயருக்கான திரி, குத்தூசி, பேட்டரியில் ஓடும் சிறிய பம்பு ஆகியவை ஒரு பையில் எப்போதும் வண்டியோடு இருக்கட்டும். முள்ளை உடனே பிடுங்காமல் பம்பை எடுத்து வைத்த பிறகு பிடுங்குவது நல்லது; 5 பிஎஸ்ஐ டயர் முழுவதும் இறங்கிவிட்டால் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும், அதை வயலில் நின்று மீண்டும் ஏற்றுவது லேசான வேலை அல்ல.

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு ஏடிவி வாங்குகிறோம். வைகையிலும் வண்டியூர் கண்மாயிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டலாமா? அழகர்மலை அடிவாரம் எப்படி?
கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மூன்றுமே வேண்டாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 39ஆம் பிரிவின்படி பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்ட முடியாது. சாலைப் பதிவு இல்லாமல் விற்கப்படும் ஏடிவியை ஓட்டும் இடம் வரை டிரெய்லரில்தான் கொண்டுபோக வேண்டும். அழகர்மலை காப்புக்காடு. சாப்டூர்ப் பக்கம் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் இருக்கிறது; அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. இங்கெல்லாம் வண்டியோடு போவதை நினைக்கவே கூடாது.

கண்மாயைப் பொறுத்தவரை, மழைக்காலத்தில் ஊறிய கரைமீது ஏடிவி ஏறி இறங்கினால் அந்தத் தடத்தில்தான் தண்ணீர் அரிக்கத் தொடங்கும். மடையும் கலுங்கும் அந்த ஊர்க்காரர்களின் ஓர் ஆண்டுச் சாப்பாடு. வைகை வறண்டு கிடப்பதைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். 71 அடி கொண்ட வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்று விடுப்பது கரையோர மாவட்டங்களுக்காகத்தான். மதுரையும் அதில் ஒன்று. உங்களில் யாருக்காவது சொந்த நிலம் இருந்தால், அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் கட்டி ஓட்டிப் பழகுங்கள். தொழி உழவுக்கு டிராக்டர் ஓட்டும் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டால், சேற்றில் ஆக்ஸிலரேட்டரை எப்போது விட வேண்டும் என்பதை எங்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்.

இழுத்து மீட்க வின்ச் இல்லாமலும், துணைக்கு இன்னொருவர் இல்லாமலும் சேற்றில் இறங்காதீர்கள். 350 கிலோ எடையுள்ள ஏடிவி களியில் புதைந்தால், உறிஞ்சும் சேறு அதன் எடையைப் பல மடங்காகக் காட்டும். அதனால் வண்டியின் எடையைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச் வேண்டும் என்று சொல்வார்கள், நான் இரண்டு மடங்கையே சொல்வேன். கம்பியை நேரடியாக மரத்தில் சுற்றாமல் அகலமான பட்டையைச் சுற்றி அதில் கொக்கியை மாட்டுங்கள். இழுக்கும்போது கம்பியின் நடுவில் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டு எல்லோரும் ஒதுங்கி நில்லுங்கள்; அறுந்தால் கம்பி துள்ளாமல் அந்தச் சாக்கு அமுக்கிவிடும்.

கேள்வி: வீட்டுக்கு வந்ததும் சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டு நல்ல பிரஷரில் கழுவி எடுக்கிறோம். அப்படியும் சக்கர பேரிங் அடிக்கடி போகிறது. ஏன்?
வாசகர், உசிலம்பட்டி

பதில்: அந்தப் பிரஷர்தான் காரணமாக இருக்கக்கூடும். ஓடையில் தண்ணீர் பேரிங் சீலின் மேல் மெதுவாகத்தான் அழுத்துகிறது; சர்வீஸ் ஸ்டேஷன் துப்பாக்கியோ சேற்றையும் மணலையும் சேர்த்து சீலுக்குள் குத்தி ஏற்றிவிடுகிறது. பேரிங், ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டின் மேல் உள்ள ரப்பர் உறை), ரேடியேட்டர் தகடு, ஒயர் இணைப்பு ஆகிய இடங்களுக்கு நேராகத் துப்பாக்கியைக் காட்ட வேண்டாம் என்று கழுவுபவரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் வீட்டுத் தோட்டக் குழாயிலேயே ஊறவைத்துக் கழுவுங்கள். சக்கர ரிம்மின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் களியைக் கையால் எடுங்கள், அதுவும் ஓடும்போது உதறலைக் கொடுத்து பேரிங்கைத் தளர்த்துகிறது.

கழுவிய பிறகு கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) உள்ள இடங்களில் எல்லாம் கிரீஸ் துப்பாக்கியால் கிரீஸ் அடியுங்கள். முதலில் தண்ணீரும் அழுக்கும் கலந்த வெளிறிய கிரீஸ் வெளியே பிதுங்கும். சுத்தமான புது கிரீஸ் தலைகாட்டும் வரை நிறுத்தாதீர்கள். டிஃபரன்ஷியல் ஆயிலின் திருகைக் கழற்றி விரலில் தொட்டுப் பார்த்து, வெளுத்திருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். ஆக்ஸில் பூட்டில் நகக்கீறல் அளவுக்குக் கிழிசல் தெரிந்தாலும் அடுத்த மழைக்கு முன் பூட்டை மாற்றுங்கள். பூட்டின் விலை குறைவு, அதற்குள் மணல் போனபின் மாற்ற வேண்டிவரும் ஆக்ஸிலின் விலை அப்படியல்ல.